மாவு இறுகும் நேரம்

புதுச் சட்டையையும் செபமாலையையும் எடுத்துக்கொண்டு ஜோஸ்லின் பின்வாசல் வழியாக உள்ளே போனாள். கட்டிலில் அய்யா கிடந்தார். அவருக்கு முகம் இல்லை. கழுத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு மொத்தைதான் இருந்தது. அண்ணன் கில்பர்ட் குனிந்து நின்று, இரண்டு கையாலும் அதன்மேல் இன்னும் ஈரமான பிளாஸ்டர் மாவை அப்பிக்கொண்டிருந்தான்.

வெளியே பந்தலில் தங்கச்சிமடத்தில் பாதி உட்கார்ந்திருந்தது. பங்குச் சாமியார் வருவதற்குள் அய்யாவைக் குளிப்பாட்டி, உடுத்தி, சவப்பெட்டியில் வைக்க வேண்டும். "எங்கய்யாவ நான் ஒருத்தனே குளிப்பாட்டுறேன், யாரும் உள்ள வர வேணாம்" என்று கில்பர்ட் சொன்னதும் ஊர் உருகிவிட்டது. அருளப்பன் சித்தப்பா, "என்ன இருந்தாலும் மூத்த மகன்ல" என்று துண்டால் மூக்கைத் துடைத்தார். முன்கதவைத் தாழிட்டவன் பின்கதவை மறந்துவிட்டான். பட்டணத்திலேயே தலை நரைத்தவனுக்கு, பிறந்த வீட்டுக்கு எத்தனை வாசல் என்று நினைவிருந்தால்தான் ஆச்சரியம்.

"என்னண்ணே இது?"

"கதவைச் சாத்து. சத்தம் போடாத."

ஜோஸ்லின் சட்டையைக் கீழே போட்டுவிட்டு மொத்தையின் விளிம்பில் விரலைக் கொடுத்தாள்.

"தொடாத புள்ள. இப்ப இழுத்தா தோலோட வந்துரும். இறுகட்டும்."

விரலை எடுத்துக்கொண்டாள். வேறு என்ன செய்ய முடியும்? அய்யாவின் முகத்தில் எந்தக் கை படக்கூடாது என்று அவள் சத்தியம் செய்திருந்தாளோ, அந்தக் கைதான் பட்டிருந்தது. அது இறுகும்வரை பக்கத்தில் நின்று காவல் காக்கிற வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது.

அய்யா சந்தியாகு சாதாரண வள்ளக்காரர். ஊருக்கு அவரைப் பற்றிச் சொல்ல மீசையைத் தவிர வேறொன்றும் கிடையாது. அந்த மீசைக்குக் குறைச்சலில்லை. கன்னம் வரை ஏறி, நுனியில் முறுக்கி, வெளுத்த பிறகும் படகுக் கயிறு மாதிரி திடமாக இருந்தது. மூத்த மகன் கடலுக்கு வரமாட்டேன் என்று பத்தொன்பது வயதில் சென்னைக்குப் போய் சினிமாவில் சேர்ந்தான். சினிமா என்றதும் ஊர் வாயைப் பிளந்தது. அவன் செய்தது பொம்மை வேலை. தெர்மாகோல் பாறை, உதைத்தால் உடைகிற கோயில் தூண், வெட்டுப்பட்ட தலை. முக்கியமாகப் பிணம். ஃபைபரில் அவன் பிணம் செய்தால் ஈ வந்து உட்காரும் என்று அந்தத் தொழிலில் பேச்சு.

ஒரு படத்துக்குக் கரையில் ஒதுங்கிய பிணம் கேட்டார்கள். அவசரம், மறுநாளே வேண்டும். கில்பர்ட்டுக்குக் கண்ணை மூடினால் தெரிகிற முகம் ஒன்றுதான். அதைச் செய்து கொடுத்துவிட்டான். கதாநாயகன் அந்தப் பிணத்தைக் காலால் புரட்டிப் போடுவான். நண்டு வாயிலிருந்து இறங்கி ஓடும். மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கும்.

மகன் வேலை செய்த படம் என்று சந்தியாகு ஊரையே கூட்டிக்கொண்டு ராமேஸ்வரத்துக்குப் போய்ப் பார்த்தார். தியேட்டரில் முதலில் அமைதி. பிறகு யாரோ ஒருவன், "ஏலே, நம்ம சந்தியாகுலே" என்றான். அதோடு போயிற்று மானம். அதற்குப் பிறகு கரையில் அவர் வலையை உதறினால், "பொணம் எந்திருச்சிருச்சு, வழிய விடுங்கலே" என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒருதரம், பொங்கலுக்கு ஒருதரம் டிவியில் அந்தப் படம் வரும். அன்றைக்கெல்லாம் அவர் வெளியே வரமாட்டார். ஊர் வாயை மூட எந்த உலைமூடி இருக்கிறது?

மகனிடம் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்து, பாம்பனில் கட்டிக்கொடுத்த மகள் வந்து பார்த்துக்கொண்டபோது அவளிடம்தான் சொன்னார்.

"நான் செத்தா எம் மூஞ்சில அவன் கைய வைக்க விடாத தாயி. நம்ம கோயில் சந்தியாகப்பர் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். நாலு நாள் முன்னால் கில்பர்ட் காரில் வந்து இறங்கியபோது பின்னால் ஒரு வெள்ளைச் சாக்கு கிடந்தது. சுவர்ப் பூச்சு உதிர்ந்திருப்பதற்கு ஏதோ வாங்கி வந்திருக்கிறான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். அய்யா அப்போது உயிரோடு, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ மாவோட வந்தியாண்ணே?" என்று இப்போது கேட்டாள். "அவரு சாகுறதுக்கு முன்னாடியே?"

கில்பர்ட் வாளியில் கையைக் கழுவினான். பத்து வருஷமாக அவன் சினிமாவில் இல்லை. மழையில் ஒருநாள் அவன் கட்டிய அரண்மனை ஊறிச் சரிந்ததாம். தொட்டால் கரையாத எதையாவது செய்ய வேண்டும் என்று மாமல்லபுரம் போய்க் கல்லில் உட்கார்ந்துவிட்டான். சிற்பி என்று அட்டை அடித்துக்கொண்டான். உளி பட்டு இடது கைச் சுட்டுவிரலில் நகம் போய்விட்டிருந்தது.

"பத்து வருசமா செதுக்குறேன் புள்ள. எந்தத் தலையச் செதுக்குனாலும் சினிமா பொம்மைங்கிறானுக. மூஞ்சிக்கு நேராவே சொல்றானுக. இப்பதான் ஒரு எடத்துல கூப்புட்டுருக்காங்க, பாண்டிச்சேரில. கடலோடியோட தலை ஒன்னு கேக்குறாங்க. எங்கையில பொம்மைதான் வருது. நான் என்ன செய்ய? இந்த ஒரு மூஞ்சி நெசமா வேணும் எனக்கு. அச்சு எடுத்துக்கிட்டாப் போதும்."

"அய்யா வேணாம்னாரு."

"எனக்குத் தெரியாது."

"தெரியும் உனக்கு. தெரிஞ்சதாலதான தாழ்ப்பாளப் போட்ட?"

அவன் குனிந்து மாவை விரலால் தட்டிப் பார்த்தான். வாய் தானாகத் தொழில் பேசியது. "உசுரோட இருக்குறவுகளுக்குன்னா மூக்குல குழாய் சொருகணும். அசையாதிங்கன்னு கெஞ்சணும். இது சுலபம்." சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்திருக்க வேண்டும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஜோஸ்லின் மாவின் மேல் கையை வைத்தாள். சுட்டது. கையை இழுத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

"இறுகும்போது சூடாகும். அதோட கொணம் அது."

காலையிலிருந்து பனிப்பெட்டியில் கிடந்த உடம்பு. பாம்பன் ஹமீது சுல்தான் வாடகைக்கு அனுப்பிய பெட்டி, நல்ல பெட்டி, விரல் விறைக்கிற குளிர். அய்யாவின் கை இப்போதும் ஐஸில் வைத்த மீனாகத்தான் இருந்தது. முகத்தில் மட்டும் காய்ச்சல்காரன் சூடு. 

கில்பர்ட் அச்சின் இரண்டு பக்கமும் பிடித்து, அசைத்து அசைத்துத் தூக்கினான். கதவிடுக்கில் சிக்கிய துணியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அய்யாவின் முகம் வாசலினில் பளபளத்து வெளியே வந்தது. இடப்பக்கத்து மீசை வரவில்லை. அது மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"வாசலின் பத்தல" என்றான் கில்பர்ட்.  "சினிமால சிலிக்கான் ரப்பருதான் ஊத்துவோம், முடியப் புடிக்காது. அந்தப் பழக்கத்துல கொஞ்சமாப் பூசிட்டேன்."

முடி பிய்ந்த மேலுதட்டில் பொட்டுப் பொட்டாய்ப் புள்ளிகள். படத்தில் செய்ததைவிட மோசம். ஜோஸ்லினுக்கு அவனை அடிக்கக் கை எழுந்தது, ஆனால் அவன் அதற்குள் வேலையில் இறங்கிவிட்டான். பையிலிருந்து கத்தரியும் ஒரு சின்னக் குப்பியும் வந்தன. அய்யாவின் பிடரியில் நீளமாகக் கிடந்த வெள்ளை முடியைக் கொத்தாகக் கத்தரித்தான். முகத்து வாசலினைத் துடைத்து, உதட்டில் கோந்தைத் தடவி, முடியை இழை இழையாக வைத்து, ஈரத்துணியால் ஒற்றி, நுனியை முறுக்கினான். கை அப்படி ஓடியது. பத்து வருஷம் கல்லோடு மல்லுக்கட்டியதில் அவனுக்குக் கைகூடாதது இதில் ஒரு நிமிஷத்தில் கூடிவிட்டது. முடித்தபோது வலது எது இடது எது என்று பெற்ற மகளுக்கே தெரியவில்லை. அவனுடைய ஆயுசுக்கும் நல்ல வேலை அதுதான். பொம்மை வேலை.

அச்சைப் பைக்குள் திணித்தான். அப்போதுதான் பின்கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள்.

யாகப்பம்மாளுக்கு ஒரு கண்ணில் புரை, மறு கண்ணும் மங்கல். சுவரைத் தடவித் தடவிக் கட்டிலுக்கு வந்தாள். விடிந்ததிலிருந்து மாரில் அடித்து அழுது தொண்டை கட்டியிருந்தது. குனிந்து வலது உள்ளங்கையை அய்யாவின் கன்னத்தில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை.

"சூடு இருக்குடி" என்றாள்.

கில்பர்ட் பையைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

"காலைல ஐஸ்பெட்டியில வைக்கையில சில்லுன்னு இருந்தாரு. இப்ப சூடு வந்திருக்கு. ஏண்டி வாயடைச்சு நிக்கிற? ஆளக் கூப்புடு. உசுரு இருக்கு."

கில்பர்ட் முந்திக்கொண்டான். "வெந்நில தொடச்சேன்மா. அந்தச் சூடு."

நல்ல பொய்தான். வேறு வீடாக இருந்தால் நின்றிருக்கும். அம்மா தலையைத் திருப்பி அவன் குரல் வந்த திசையைப் பார்த்தாள்.

"எழவு வீட்ல எவடா அடுப்புப் பத்தவைப்பா? கொழாத் தண்ணிய நாந்தானடா வாளியில புடிச்சு வச்சேன்."

 பெட்டியைக் கல்லறையில் இறக்கிவிட்டுத் திரும்பும்வரை இழவு வீட்டில் அடுப்பு எரியாது, காப்பித்தண்ணி கூட அடுத்த வீட்டிலிருந்துதான் வரும். அது இந்தக் கரையில் நேற்றுப் பிறந்ததற்கும் தெரியும். சினிமாக்காரனுக்கு அதுவும் மறந்து போயிருந்தது.

அம்மா தடவிப் போய் முன்கதவைத் திறந்ததும் பந்தல் முழுதும் உள்ளே வந்தது. காலையில் அய்யாவின் நாடியைப் பார்த்து, போய்விட்டார் என்று சொன்ன நர்ஸ் சஃபாவையே மறுபடி கூட்டிவந்தார்கள். அந்தப் பெண் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தாள், கண்ணை விரித்து டார்ச் அடித்தாள்.

"இல்ல பெரியம்மா. போயி ரொம்ப நேரமாச்சு."

"அப்ப சூடு எங்கன இருந்து தாயி வந்துச்சு?"

சஃபா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "கூட்டம்... வெக்கை..." என்று இழுத்தாள். அதற்குமேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் கில்பர்ட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காருக்குப் போய்ப் பூட்டிவிட்டு வந்தான். ஜோஸ்லின் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அம்மாவை மூலைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, காதோடு சொன்னாள்.

"அம்மா, கேளு. அண்ணன் அய்யா மூஞ்சில மாவப் பூசி அச்சு எடுத்துருக்கான். அந்த மாவு சுடும்மா. நானே தொட்டுப் பாத்தேன். அய்யா போயிட்டாரும்மா."

அம்மா முகத்தைத் தூக்கினாள். பிறகு, எல்லார் காதிலும் விழ, "ஏய்யா கில்பர்ட்டு, இங்கன வா" என்றாள். "ஒந்தங்கச்சி ஒன்னு சொல்றா. அய்யா வேணாம்னத நீ செஞ்சியா?"

அம்மாவுக்கும் அது தெரிந்திருந்தது என்பது ஜோஸ்லினுக்கு அப்போதுதான் தெரிந்தது. கில்பர்ட் கூட்டத்தைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். கட்டிலுக்குப் போய் அய்யாவின் நெற்றியில் கையை வைத்தான்.

"அய்யா மேல சத்தியமா இல்லம்மா."

கண்ணீர் நிஜமாகவே வழிந்தது. அருளப்பன் சித்தப்பா அவனை மாரோடு அணைத்துக்கொண்டார். அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"செத்த வீட்ல இப்படியா பேசுறது? ஆறு மாசம் பீ மூத்திரம் அள்ளுனேங்குற தெனாவட்டாடி?" என்றாள்.

அம்மா அதோடு அழுகையை நிறுத்திவிட்டாள். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு எதற்கு ஒப்பாரி? சாமியார் வந்தார், செபம் சொல்லி மந்திரித்தார், கோயிலுக்குத் தூக்கினார்கள். எல்லாவற்றுக்கும் அம்மா, "கொஞ்சம் பொறுத்துப் பாருங்கய்யா, சூடு இருந்துச்சுய்யா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். கல்லறையில் தாலியைக் கழற்ற நாத்தனார் ஒருத்தி கழுத்தில் கை வைத்தபோது, அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அவரு இருக்கையில எதுக்குடி கழட்டணும்?"

மூடியைப் போடுவதற்கு முன்னால் கடைசியாக முகம் பார்க்க விட்டார்கள். வரிசையில் ஜோஸ்லின் முறை வந்தது. குனிந்தாள். அய்யா கம்பீரமாகக் கிடந்தார். கடல்காற்றில் இடப்பக்கத்து மீசையின் ஓரம் ஒரு நெல்லளவு தூக்கிக்கொண்டு நின்றது. கட்டைவிரலால் ஒரு இழுப்பு போதும். கைக்கு வந்துவிடும். முடி பிய்ந்த உதட்டைப் பார்த்தால் சித்தப்பாவுக்கும் புரியும், சஃபாவுக்கும் புரியும், அம்மாவின் கையைப் பிடித்து அங்கே வைத்தால் அவளுக்கும் புரியும். புருஷனை உயிரோடு புதைக்கவில்லை என்று இன்றைக்கே தெரிந்துகொள்வாள்.

ஜோஸ்லின் கட்டைவிரலை வைத்தாள். நிமிர்ந்து ஒருதரம் பார்த்தாள். குழியைச் சுற்றி எல்லார் கையிலும் போன். துபாயில் இருக்கிறவனுக்கு, சவூதியில் இருக்கிறவனுக்கு, வரமுடியாத உறவுக்கெல்லாம் அய்யாவின் முகம் போய்க்கொண்டிருந்தது. பாதி மீசையோடும் போகும். பிறகு ஒவ்வொரு போனிலும் இருக்கும். "அந்தப் படத்துல வந்த மாதிரியேலே" என்று எவனாவது சொல்லாமல் விடுவானா? எதிரே கில்பர்ட் அவள் விரலையே பார்த்தான்.

தூக்கிய ஓரத்தை ஜோஸ்லின் விரலால் அழுத்தினாள். ஒட்டுகிறவரை அழுத்திப் பிடித்தாள். சரியாக ஒட்டியதா என்று பார்த்துவிட்டு, நெற்றியில் முத்தம் கொடுத்து விலகினாள். மூடியை வைத்து ஆணி அடித்தார்கள். ஆணிச் சத்தத்துக்கெல்லாம் அம்மாவின் தோள் தூக்கிப் போட்டது.

கில்பர்ட் அன்று மாலையே கிளம்பிவிட்டான். பாண்டிச்சேரியில் அவசரம் என்றான். அச்சு இருந்த பையைக் காரின் முன்சீட்டில் நேராக உட்கார வைத்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

"பாலத்து மேல மெதுவாப் போ. குலுங்கப்போகுது" என்றாள் ஜோஸ்லின்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுத்தான்.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றை அம்மா இடது கையால் பிசைந்தாள். அய்யாவைத் தொட்ட வலது கையை மூடி மடியில் வைத்திருந்தாள். ஜோஸ்லின் ஊட்டப் போனபோது வாயைத் திறக்கவில்லை.

"மண்ணத் தொட்டுப் பாக்கணும்டி. என்னைய அங்கன கூட்டிட்டுப் போறியா?"

"காலைல போவம்மா."

விடிவதற்கு முன்பே ஜோஸ்லின் அம்மாவை எழுப்பினாள். வெயில் ஏறிவிட்டால் இந்த ஊர் மணல் சுடும், அதைத் தொட்டால் அம்மா அங்கேயே தோண்ட ஆரம்பித்துவிடுவாள். இருட்டு கலையாதபோதே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் மீன் வண்டி ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. கல்லறையில் நேற்றைய மாலைகள் பனியில் நனைந்து கிடந்தன. அவற்றை ஒதுக்கி, தலைமாட்டில் அம்மாவை உட்கார வைத்தாள்.

அம்மா மூடியிருந்த வலது கையைப் பிரித்து மணலில் வைத்தாள். இன்னும் கொஞ்சம் தோண்டி, மணிக்கட்டுவரை உள்ளே விட்டாள். அப்படியே இருந்தாள். கரையில் யாரோ படகு இஞ்சின் கயிற்றைச் சுண்டி இழுத்தார்கள், அது பிடிக்காமல் மறுபடி இழுத்தார்கள்.

"ஆறிருச்சு" என்றாள் அம்மா.

ஜோஸ்லினுக்கு மூச்சு வந்தது. "ஆமாம்மா. நாந்தான் சொன்னேன்ல."

"ராத்திரியில போயிருக்காரு. எந்நேரமோ தெரியல." அம்மா கையை வெளியே எடுத்து மணலைத் தட்டினாள். "தனியாக் கெடந்து போயிருக்காரு."

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை விலக்கி, பிடரியை மகள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"கழட்டு."

ஜோஸ்லின் தாலிக்கயிற்றின் முடிச்சைத் தேடிப் பிடித்தாள். பழைய முடிச்சு, கல்லாக இறுகியிருந்தது. மீசையை அழுத்திய அவளுடைய கட்டைவிரலில் கோந்து காய்ந்து தோலாக நின்றது. நகம் முடிச்சில் ஏறாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.